வீட்டு வரியில் ஒரு நூல் நிலையம்

வீட்டு வரி கட்டிய ரசீதை நாம் எல்லோரும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அதை முழுக்கப் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தொகை சரியாக இருக்கிறதா, பெயரில் எழுத்துப் பிழை இல்லையே என்று ஒரு நோட்டம் விட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதுதான் வழக்கம். அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கிராமப் பஞ்சாயத்து ரசீதானால் ‘நூலக வரி’ என்று ஓர் இனம் அதில் இருக்கும். நகரங்களில் அது சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகிவிடும். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூல் நிலையங்களுக்கென்று நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘எனக்குத்தான் சொந்த வீடு இல்லையே!’ என்று வாடகை வீட்டுக்காரர் சிரிக்க வேண்டாம். வீட்டுக்காரர் அந்தப் பத்துக் காசை எங்கிருந்து எடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியாத சங்கதியா என்ன?

ஆக, ஊர் நூல் நிலையத்துக்கு நாம் எல்லோருமே சந்தாதாரர்கள். ஆனால் சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு வாசலோடு திரும்பிப் போகிறவரைப்போல, வருஷா வருஷம் பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்காமலே இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாக 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரில் மைய நூலகம், சிறு நகரங்களில் கிளை நூலகம், கிராமங்களில் ஊர்ப்புற நூலகம், அதற்கும் சிறியதாகப் பகுதி நேர நூலகம். இவற்றுக்கு யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள சிறு நகரம் ஒன்றின் கிளை நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். நூலகர் அம்மையார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரை இங்கே சொல்லவில்லை. சொல்லாததால் நஷ்டம் ஒன்றும் இல்லை. வாசகர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

எட்டு மணிக் கூட்டம்

கதவு திறப்பதற்கு முன்பே ஆறேழு பேர் படிக்கட்டில் காத்திருந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் ரயில்வேயில் இருந்தவர். இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் மளிகைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டவர். வீட்டில் பத்திரிகை வாங்க முடியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

“வீட்டிலே ஒரு பேப்பர்தான் வரும். இங்கே எட்டு வருது. ஒரே சேதியை எட்டு விதமாப் படிக்கலாம் பாருங்க” என்றார் ரயில்வேக்காரர்.

பூட்டு திறந்தது. அடுத்த இரண்டு நிமிஷத்தில் பத்திரிகைகள் தாள் தாளாகப் பிரிந்து கைக்குக் கை போய்விட்டன. முதல் பக்கம் ஒருவரிடம்; விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடம்; ராசிபலன் உள்ள தாளுக்கு மூன்று பேர் போட்டி. தலையங்கம் உள்ள தாள்தான் கேட்பாரற்று மேஜைமேல் கிடந்தது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான காட்சிதான். ஆனாலும் கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டுமல்லவா?

இவர்களை ‘ஓசிப் பேப்பர் கூட்டம்’ என்று கேலி செய்பவர்கள் உண்டு. நமக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. மனைவியை இழந்து மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் எழுபது வயதுக்காரருக்கு, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுப் போக ஓர் இடம் வேண்டும். டீக்கடைக்குப் போகலாம், ஒரு டீயை வைத்துக்கொண்டு அங்கே எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கோயிலுக்குப் போகலாம், அங்கே தேர்தல் பேச முடியுமா? சென்ற மழைக்காலத்தில் இந்தக் கூட்டத்தில் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லையாம். நாலாவது நாள் மற்றவர்கள் அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். காய்ச்சலில் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அவர்கள்தாம். இந்தச் சேவை எந்த நூலக விதியிலும் எழுதியிருக்கவில்லை.

மின்விசிறியும் மேஜையும்

பத்து மணியானதும் ஆட்கள் மாறினார்கள். வெயில் ஏறுமுன் பெரியவர்கள் வீடு திரும்ப, தோளில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக இளைஞர்களும் யுவதிகளும் வந்து அமர்ந்தார்கள். அரசுப் பணித் தேர்வு, போலீஸ் தேர்வு, வங்கித் தேர்வு என்று ஆளுக்கொரு தேர்வுக்குத் தயார் செய்கிறவர்கள். இவர்கள் அலமாரிப் பக்கம் போவது அபூர்வம். தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். நூலகத்திடம் இவர்கள் கேட்பது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கொஞ்சம் அமைதி. அவ்வளவுதான்.

“வீட்டிலே புத்தகத்தைத் திறந்தா அம்மா ஒரு வேலை சொல்வாங்க சார். இங்கே திறந்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்லே” என்றாள் ஒரு பெண். பட்டம் பெற்று இரண்டு வருஷம் ஆகிறதாம்.

மத்தியானம் வெளியே வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். பணம் கட்டிப் பயிற்சி நிலையத்துக்குப் போக முடியாதவர்களுக்கு இந்த மரத்தடியே பயிற்சி நிலையம். சென்ற ஆண்டு இந்த மரத்தடியிலிருந்து இரண்டு பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். போகும்போது ஆளுக்கொரு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று நூலகர் மேலே கையைக் காட்டினார்.

‘நூல் நிலையம் தேர்வுக் கூடமாகிவிட்டதே, இலக்கியம் படிப்பவன் எங்கே போவான்?’ என்று பழைய வாசகர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. இங்கே உள்ளவை இருபத்துநாலு நாற்காலிகள். உச்சிப் பொழுதுக்குள் இருபத்திரண்டு நிரம்பிவிட்டன. ஒரு குழந்தை படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்கே உட்காரும்? அதற்காக வேலை தேடும் பிள்ளைகளை வெளியே போ என்று சொல்வதா? அது அதைவிடப் பெரிய அநியாயம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று தனிக் கூடம் வைத்திருக்கிறார்கள். ஒன்பது மாடிக் கட்டடத்தில் அது சாத்தியம். ஒற்றை அறைக் கிளை நூலகத்துக்கு ஒரு தாழ்வாரம் இறக்கிக் கொடுத்தாலே போதும். சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

சீர்காழிக்காரர் கண்ட கனவு

குழந்தை எங்கே உட்காரும் என்ற கேள்வி ஒன்றும் புதிதல்ல. இந்தக் கேள்வியை நம் நாட்டில் முதன்முதலாக முறையாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் ஒரு கணக்கு வாத்தியார்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனமானார். போன சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. நிறைந்த வகுப்பில் பேசிப் பழகியவருக்கு ஆளரவமற்ற அறையில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பது தண்டனையாகத் தோன்றியது. பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரிக்கு வந்து முறையிட்டார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

இங்கிலாந்தில் அவர் பாடம் படித்ததைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை ஏறி இறங்கினார். தொழிலாளியும் குழந்தையும் குடும்பப் பெண்ணும் பொது நூலகத்துக்குள் சர்வ சாதாரணமாக வந்து போவதைக் கண்டார். அலுப்பு அதோடு போயிற்று. 1925-இல் திரும்பி வந்தவர் மறுபடி கணிதத்தின் பக்கம் போகவே இல்லை. (கணிதம் அவரை விடவில்லை என்பது வேறு கதை. புத்தகங்களை வகை பிரிக்க அவர் கண்ட கோலன் பகுப்பு முறையில் கணக்கு வாத்தியாரின் கையெழுத்து நன்றாகவே தெரியும்.) 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். 1931-இல் வெளிவந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தும் இன்று உலகமெங்கும் நூலக மாணவர்களுக்குப் பாடம். அவற்றின் சாரத்தை நம் பாஷையில் சொன்னால் இதுதான்: ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் எங்கோ இருக்கிறது, இருவரையும் சந்திக்க வைப்பதுதான் நூலகரின் உத்தியோகம். புத்தகத்துக்குக் காவல் இருப்பது அல்ல.

சட்டம் இல்லாமல், வரி இல்லாமல், தர்மப் பணத்தில் மட்டும் நூல் நிலையங்கள் நிலைக்கா என்பது அவருடைய உறுதி. 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரி நூலக மசோதா ஒன்றை முன்வைத்தார். அது சட்டமாகப் பதினெட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. டி. எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். நம் வரி ரசீதில் உள்ள பத்துக் காசின் பூர்வோத்தரம் இதுவே. 1896 முதல் எழும்பூரில் நடந்துவந்த கன்னிமாரா நூலகம், 1950-இல் மாநில மைய நூலகம் ஆனதும் இந்தச் சட்டத்தினால்தான்.

அவருடைய யோசனை கடல் தாண்டியும் போயிற்று. யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா என்ற அன்பர் 1933-இல் தம் வீட்டில் வைத்துப் புத்தகங்களை இரவல் கொடுத்துவந்தார். அதிலிருந்து வளர்ந்து, 1934 ஆகஸ்டில் 844 புத்தகங்களோடு ஒரு நூலகம் பிறந்தது. அதற்குப் பெரிய கட்டடம் திட்டமிட்டபோது ரங்கநாதனின் ஆலோசனையைக் கேட்டார்கள். வரைபடம் போட்டவர் சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன். 1959-இல் புதுக் கட்டடம் திறந்தது. 1967-இல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் வந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் பொழுது விடிந்தபோது, சுமார் 97,000 புத்தகங்களும் ஓலைச் சுவடிகளும் வைத்த தீயில் சாம்பலாகியிருந்தன. 2003-இல் நூலகம் மறுபடி திறந்தது. புத்தகங்களைத் திரும்ப வாங்கலாம். சுவடிகளை எங்கே போய் வாங்குவது?

நாலரை மணிக் கதை

நம் கிளை நூலகத்துக்குத் திரும்புவோம். சனிக்கிழமை மாலை நாலரை மணி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கினார்கள். நூலகர் நடுவில் ஒரு ஜமக்காளத்தை விரித்தார். வெளியே செருப்புகள் குவியத் தொடங்கின. பதினேழு குழந்தைகள் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஐந்தாறு பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். இந்த நூலகருக்கு வயதுக்கொரு பெயர். காலைப் பெரியவர்களுக்கு அவர் ‘அம்மா’. தேர்வு எழுதுகிறவர்களுக்கு ‘மேடம்’. குடும்பப் பெண்களுக்கு ‘அக்கா’. குழந்தைகளுக்கோ ‘கதை மிஸ்’.

கதை மிஸ் கதை சொல்ல ஆரம்பித்தார். குளத்தில் இருந்த ஆமை ஊருக்குப் புறப்பட்ட கதை. பாதிக் கதை சொல்லிவிட்டு நிறுத்தினார். “அப்புறம் என்ன ஆச்சு மிஸ்?” என்று கூச்சல். “அப்புறம் நடந்தது அந்த மூணாவது அலமாரியிலே இருக்கு. யார் போய் எடுத்து வந்து படிக்கிறீங்க?” என்றார். அலமாரியை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தார்கள் பாருங்கள்! நாலாவது வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டி மீதியைப் படித்தான். தடுமாறிய இடத்தில் பக்கத்தில் இருந்த சிறுமி எடுத்துக் கொடுத்தாள். அவளைவிடச் சின்னவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு படம் வரைதல், விடுகதை, ஒரு மூலையில் சதுரங்கம். சதுரங்கப் பலகை, காலையில் தினசரி படித்த ஆசிரியர் ஒருவரின் நன்கொடை. சனிக்கிழமை மாலை அவரே வந்து ஆட்டமும் கற்றுக்கொடுக்கிறார். அன்று ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் அவர் தோற்றுப்போனார். மிகவும் சந்தோஷமாகத்தான் தோற்றார்.

இது எப்படித் தொடங்கியது என்று விசாரித்தோம். “பள்ளிக்கூடம் விட்டதும் ரெண்டு மூணு பிள்ளைங்க இந்தப் படியிலே உட்கார்ந்திருக்கும். அப்பா அம்மா வேலையிலிருந்து திரும்ப ஆறு மணியாகும். உள்ளே வாங்கன்னு கூப்பிட்டேன். சும்மா உட்கார வைக்க முடியுமா? கதை சொன்னேன்” என்றார் நூலகர். மேலிடத்து உத்தரவு கிடையாது. தனி ஒதுக்கீடு கிடையாது. ஜமக்காளம் அவர் வீட்டிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். பிள்ளைகளை அழைத்துப்போகத் தாய்மார்கள் வந்தார்கள். முதலில் வாசலில் நின்றார்கள். பிறகு உள்ளே வந்து அலமாரி ஓரமாக நின்றார்கள். ஒரு நாள் ஒருத்தி ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இப்போது அந்தத் தாய்மார்களில் பாதிப் பேர் உறுப்பினர்கள். அதற்கு முன், இந்த நூலகத்தில் புத்தகம் எடுக்கிற குடும்பப் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள் நூல் நிலையத்துக்கு வராததற்குப் படிப்பில்லாமை காரணம் என்பது பழைய பேச்சு. படித்த பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் வாசலில் ஆண்கள் கூடி நின்று அரசியல் பேசும் இடத்துக்குள், காரணம் எதுவும் இல்லாமல் நுழைவது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘பிள்ளையைக் கூப்பிட வந்தேன்’ என்பது ஒரு காரணம். அந்தக் காரணத்தைக் கதை மிஸ் உண்டாக்கிக் கொடுத்தார். இப்போது அவர்கள் ரமணிசந்திரன் நாவல்களையும் சமையல் புத்தகங்களையும் மட்டுமல்ல, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பாகங்களையும் வரிசையாக எடுத்துப்போகிறார்கள். ஐந்து பாகங்களில் மூன்றாவது பாகம் எப்போதும் யார் வீட்டிலாவது சிக்கிக்கொண்டிருக்கும் என்பது எல்லா ஊர் நூலகங்களுக்கும் பொதுவான சாபம். இங்கேயும் அப்படித்தான்.

மாட்டு வண்டியும் மோட்டார் சைக்கிளும்

வர முடிந்தவர்கள் வந்துவிடுகிறார்கள். வர முடியாதவர்களுக்கு?

1931 அக்டோபரில், மன்னார்குடியிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. நெல் மூட்டை ஏற்றும் வண்டி அல்ல. உள்ளே அலமாரி அமைத்துப் புத்தகங்கள் அடுக்கிய வண்டி. இதை ஏற்படுத்தியவர் ஓய்வு பெற்ற பொறியாளரான கனகசபைப் பிள்ளை. பக்கத்திலுள்ள மேலவாசல் கிராமத்தில் அதைத் தொடங்கிவைத்தவர் நம் ரங்கநாதன்தான். நூல் நிலையத்துக்கு நடந்துவர முடியாத கிராமத்து மனிதர்களின் வாசலுக்கு நூல் நிலையமே நடந்து போயிற்று. ஒரு ஜோடி மாட்டையும் ஒரு வண்டியையும் கொண்டு செய்த காரியம் இது!

அந்த யோசனைக்கு வயதாகிவிடவில்லை. 2022-இல் தமிழ்நாட்டில் ‘நூலக நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். முதியோர், மாற்றுத் திறனாளிகள், வீட்டை விட்டு வர முடியாதவர்கள் ஆகியோருக்குத் தன்னார்வத் தொண்டர்கள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப்போய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவார்கள். நம் கிளை நூலகத்தில் இந்தக் கைங்கரியத்தைச் செய்பவர் ஒரு கல்லூரி மாணவர். மோட்டார் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு ஏழெட்டு வீடுகளுக்குப் போய்வருகிறார். ஒரு வீட்டில், படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டி ஒருத்தி இருக்கிறாளாம். கண் தெரியாது. புத்தகம் எதற்கு என்று கேட்டதற்கு, “என் பேத்தி படிச்சுக் காட்டுவாப்பா, பெரிய எழுத்தா இருந்தா அவளுக்குச் சௌகரியம்” என்றாளாம். இந்தக் கணக்கில் ஒரு புத்தகத்துக்கு இரண்டு வாசகர்கள்.

பார்வையற்றோருக்காக அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத் தளத்திலேயே பிரெயில் நூல்கள் உள்ள பிரிவு இருக்கிறது. அதே நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், நடுவே ஒரு செயற்கை மரத்தை நிறுத்தி, அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வகை செய்திருக்கிறார்கள். மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று பெரிய பகுதி உண்டு. விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், திருவிழாதான். சென்னை நூலகத்துக்கு ஒரு கண்டமும் வந்து தப்பியது. 2011-இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நின்றது. நோயுற்ற குழந்தைக்கு ஆஸ்பத்திரி வேண்டியதுதான். நோயில்லாத குழந்தைக்கும் போவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

பதினோரு பேர் மகாநாடு

ஆறரை மணிக்கு வாசகர் வட்டக் கூட்டம். பெரும்பாலான நூலகங்களில் இப்படி ஒரு வட்டம் உண்டு. சில ஊர்களில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சில ஊர்களில் உண்மையாகவே வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா நடத்துவதும், கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு முகாம் போடுவதும், புரவலர்களைப் பிடித்து நிதி சேர்ப்பதும் இவர்கள் வேலை.

அன்று வந்திருந்தவர்கள் பதினோரு பேர். ஒரு சிறுகதைத் தொகுதியைப் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியரை அழைத்திருந்தார்கள். அவர் புத்தகத்தை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் தம் கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசினார். மேடைப் பேச்சில் நம்மவர்களுக்கு உள்ள மோகம் நூலகத்துக்குள் வந்தாலும் போவதில்லை! அவர் முடித்தபின், கடைசி வரிசையிலிருந்து தையற்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். அந்தத் தொகுதியில் உள்ள ஒரு கதையில் மாமியார் செய்தது நியாயமா என்று கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் உயிர் பெற்றுவிட்டது. நியாயம்தான் என்று நாலு பேர். இல்லவே இல்லை என்று மூன்று பெண்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைக்கப் போகிறேன் என்று நூலகர் எச்சரிக்கும் வரை வழக்கு தீரவில்லை. நம் யோசனை இது: பேச்சாளரைக் குறைத்துக்கொண்டு தையற்கடைக்காரர்களைப் பேசவிடுங்கள்.

ஒற்றை ஆள்

இத்தனையும் ஒரே ஒருவர் பொறுப்பில் நடக்கிறது என்பதுதான் கவலைக்குரிய சங்கதி. கதவைத் திறப்பவர், பதிவேடு எழுதுபவர், அபராதம் வாங்குபவர், கதை சொல்பவர், சமயத்தில் பெருக்குபவர் எல்லாம் அந்த ஓர் அம்மையார். பக்கத்துக் கிராமத்து ஊர்ப்புற நூலகத்துக்கு ஆள் இல்லாததால் அதற்கும் அவரே பொறுப்பு. அங்கே போகும் நாட்களில் இங்கே வாசகர் வட்டத்து அன்பர் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் சௌகரியப்படாத நாளில் கதவில் பூட்டுத்தான்.

வரி வசூலாகிறதே, பணம் எங்கே போகிறது என்று கேட்கலாம். வசூலிப்பது ஊராட்சியும் நகராட்சியும். செலவிட வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. முன்னதன் கையிலிருந்து பின்னதன் கைக்குப் பணம் போய்ச் சேரச் சில இடங்களில் வெகு காலம் பிடிக்கிறது. வரி கட்ட நாம் ஒரு மாதம் தாமதித்தால் நோட்டீஸ் வருகிறது. நூலகத்துக்குச் சேர வேண்டிய பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்புவது யார்?

நூலகருக்கு அடுத்த வருஷம் மாற்றல் வரலாமாம். “எனக்கு அப்புறம் வர்றவங்களும் கதை சொல்வாங்களா மேடம்?” என்று தேர்வுக்குப் படிக்கும் பெண் கேட்டாள். “நீ வேலைக்குப் போகாம இருந்தா நீயே சொல்லு” என்று சிரித்தார் அவர். சிரித்தாரே ஒழிய, பதில் சொல்லவில்லை. ஒருவருடைய நல்ல மனசை நம்பி நாலரை மணிக் கதை நடப்பது அழகாக இருக்கலாம். ஆனால் அது நிச்சயமில்லாத அழகு. பத்திரிகை வாங்குவதற்கு ஒதுக்கீடு இருப்பதுபோல், வாரம் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கென்று விதியிலேயே எழுதிவைத்து, அதற்கு ஒரு ஜமக்காளத்துக்கும் ஓர் உதவியாளருக்கும் வழி செய்தால் என்ன? கேட்க வேண்டியவர்கள் வரி கட்டுகிறவர்கள்தாம்.

அதற்கு முதலில் உள்ளே போக வேண்டும். உறுப்பினராவது கஷ்டமான காரியமே அல்ல. அடையாளச் சான்றை எடுத்துப்போய்ச் சிறு தொகையை வைப்பாகக் கட்டினால் போதும். குழந்தைகள் பெயரிலும் எழுதிக்கொள்வார்கள். பெரும்பாலான கிளை நூலகங்கள் காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு; ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடுகூடப் புறப்படலாம். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.